இரண்டு பக்கமும் தெரிகிற டிரைவ்

செப்டம்பர் 3, செவ்வாய்

பெனாசிர் சொன்னதால் இந்த நோட்டு. "செய்யிறத எல்லாம் தேதி போட்டு எழுதி வை டீ. நடுவுல மாட்டிக்கிட்டா எங்க விட்டோம்னு தெரியணும்" என்றாள். கல்லூரி விடுதியில் என் அறைத் தோழி அவள். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறாள். சில வருடங்களுக்கு முன் என் லேப்டாப் நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தபோது, விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். திறக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். லினக்ஸ் எனக்கு. விண்டோஸ் என் கணவர் குணசீலனுக்கு. சின்னக்கடை வீதியில் அழைப்பிதழ் அச்சகம் வைத்திருக்கிறார். அவர் பழகிய தமிழ் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். கடையில் முடியாத வேலையை வீட்டுக்கு வந்து இதில் முடிப்பார்.

இப்போது செய்யப்போவது டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்வது. அதன்பின் கடவுச்சொல் தெரியாதவர் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் ஒரு வரி படிக்க முடியாதாம்.

காரணம்: போன வாரம் மதுரையில் ஓர் ஆலோசகரின் லேப்டாப் பேருந்தில் திருடு போனது. எங்கள் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் எல்லோருக்கும் அதே பேச்சு. நானும் மனநல ஆலோசகர்தான். உறையூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் என் அறை. என்னிடம் வருகிறவர்கள் சொல்வதெல்லாம் இந்த லேப்டாப்பில் இருக்கிறது. திருடன் எடுத்துப் போனால் என்ன ஆகும்?

மற்றபடி: சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். ஆலோசனைக்கு வருகிற யாழினி நேற்று வரவில்லை. (அவள் பெயர் யாழினி இல்லை. உண்மைப் பெயரை இங்கேயும் எழுத மாட்டேன்.) போன் செய்தால் அவள் அம்மா எடுத்தார். "நிச்சயம் நின்னு போச்சும்மா. இனிமே அவ அங்க வர மாட்டா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

செப்டம்பர் 4, புதன்

பேக்கப் எடுக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். மாலையில் நல்ல மழை.

செப்டம்பர் 5, வியாழன்

பெனாசிருடன் மதியம் பேசினேன். வேலையின் வரிசையை விளக்கினாள். லினக்ஸை இருந்த இடத்திலேயே பூட்டுவது சுலபமில்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, பழையதை அழித்து, பூட்டோடு சேர்த்துப் புதிதாகப் போட வேண்டும். விண்டோஸைப் பிறகு, அதிலேயே இருக்கிற வசதியைக் கொண்டு பூட்டிக்கொள்ளலாம். இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு, தனித்தனிச் சாவி.

"உன் ஃபைலெல்லாம் எங்க வெச்சிருக்கே?"

"டி டிரைவ்ல. நீதான அன்னைக்குப் பிரிச்சுக் குடுத்த."

"அது ரெண்டு பக்கமும் தெரியிற டிரைவ் டீ. போட்டோ, பாட்டு வெச்சுக்கத்தான் குடுத்தேன். விண்டோஸ்ல தொறந்தாலும் தெரியும்."

"தெரிஞ்சா என்ன? விண்டோஸ்ல உக்கார்றது இவர் மட்டும்தான்."

பெனாசிர் அதை அப்படியே விட்டுவிட்டாள். பிறகு, "சரி, பேக்கப்பை ஒருதடவைக்கு ரெண்டுதடவ தொறந்து பாரு. அப்புறம் அழி" என்றாள்.

இவர் அதையெல்லாம் பார்க்கிறவர் இல்லை. என் கைப்பையைக்கூடத் திறக்க மாட்டார். சில்லறை வேண்டுமென்றால் பையை என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்.

செப்டம்பர் 6, வெள்ளி

பேக்கப் முடிந்தது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தேன். யாழினியுடையதையும் திறந்தேன். கோப்பின் பெயரே அவள் பெயர்தான். எல்லோருக்கும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், தேடினால் உடனே கிடைக்கட்டும் என்று.

சித்திரையிலிருந்து அவள் ஒரே விஷயத்துக்காக வந்துகொண்டிருந்தாள். முன்பு நடந்த ஒன்றைத் தன்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவரிடம் தானே சொல்ல வேண்டும். எந்த வார்த்தையில் தொடங்குவது, அவர் எழுந்து போனால் என்ன செய்வது, அழாமல் சொல்ல முடியுமா? ஒவ்வொரு முறையும் ஒத்திகை பார்த்தோம். கடைசி முறை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு, "இப்ப எனக்கே கேக்க நல்லாருக்கு மேம்" என்றாள். நிச்சயத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சொல்வதாக இருந்தது.

செப்டம்பர் 7, சனி. விநாயகர் சதுர்த்தி

பிள்ளையார் வாங்கி வந்து வைத்துக் கும்பிட்டோம். சாப்பிடும்போது இவர் தானாகப் பேச்சை எடுத்தார்.

"ஐப்பசிக் கல்யாணம் ஒன்னு கேன்சல். சாம்பிள் வரைக்கும் போட்டுக் காட்டியிருந்தேன்." யாழினியின் அப்பா பெயரைச் சொன்னார். "ஒரு வகையில நல்லதுதான். மாப்பிள்ளை வீட்டுல தெரியாம மாட்டியிருப்பாங்க."

"எது தெரியாம?"

"அதான், காலேஜ் ரெண்டாவது வருசத்துல மாத்திரைய முழுங்கி ஆஸ்பத்திரியில கெடந்தாளாமே."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"ஊர்ல பேசிக்கிறாங்க." கை கழுவ எழுந்து போய்விட்டார்.

ஊரில் பேசிக்கொள்ளலாம். திருச்சியில் எது ஒளிந்திருக்கிறது? ஆனால் அவள் வீட்டில் அதை மஞ்சள் காமாலை என்றுதான் சொந்தக்காரர்கள் உட்பட எல்லோரிடமும் சொல்லியிருந்தார்கள். எந்த வருடம் என்று யாருக்குத் தெரியும்?

கொழுக்கட்டை மாவு இந்தத் தடவை விண்டுபோய்விட்டது. வெந்நீர் பற்றவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

இவர் கடைக்குப் போனபின் வேலையைத் தொடங்கினேன். பெனாசிர் போனில் கூடவே இருந்தாள். பழைய லினக்ஸ் இருந்த பகுதியை அழிக்கவா என்று கேட்டபோது கை நின்றுவிட்டது. "டி டிரைவையும் விண்டோஸையும் தொட்டுராத, பேரப் பாத்துச் சொல்லு" என்றாள். பார்த்துச் சொன்னேன். அழித்தேன்.

கடவுச்சொல்லாக ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சில வார்த்தைகள் இருந்தால் நல்லது என்றாள். நான் ஆசையாகத் தமிழில் தட்டப் போனேன். "லூசு, அது தொறக்குறப்ப தமிழ் கீபோர்டு வேலை செய்யாது. அப்புறம் நீயே வெளிய நிக்க வேண்டியதுதான்." ஆகவே தமிழ் வார்த்தைகளையே ஆங்கில எழுத்தில் தட்டினேன். என்ன வார்த்தைகள் என்று எழுதப்போவதில்லை.

மறுபடி திறந்தபோது கறுப்புத் திரையில் ஒரு பெட்டி மட்டும் வந்து காத்திருந்தது. தப்பாக அடித்துப் பார்த்தேன். விடவில்லை. சரியாக அடித்தேன். உள்ளே விட்டது. எனக்கு மூச்சு சீராக வந்தது. ஏன் இவ்வளவு பதற்றம் என்று தெரியவில்லை.

கோப்புகளை எல்லாம் புதிய இடத்துக்குக் கொண்டுவந்து, டி டிரைவில் இருந்தவற்றை அழித்தேன். பெயர்களுக்குப் பதிலாகக் குறியெண் போட்டேன். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

செப்டம்பர் 9, திங்கள்

விண்டோஸையும் டி டிரைவையும் பூட்டத் தொடங்கினேன். பயன்படுத்தும் இடத்தை மட்டுமா, காலி இடத்தையும் சேர்த்தா என்று கேட்டது. பெனாசிர் சொன்னபடி, காலி இடத்தையும் சேர்த்து என்று கொடுத்தேன். அழித்த கோப்புகளின் மிச்சம் அங்கேதான் கிடக்குமாம். நீண்ட ஓர் எண்ணைக் காட்டி, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னது. பூட்டில் ஏதாவது சிக்கல் வந்தால் அந்த எண் இல்லாமல் திறக்காது. அச்சடித்துக் கொண்டேன்.

பாதியில் இவர் வந்தார்.

"என்னாது, இவ்வளவு மெதுவா ஓடுது?"

"பூட்டுப் போடுறேன். திருடு போனா யாரும் பாக்க முடியாது."

"நம்ம வீட்டுல எந்தத் திருடன் வரப்போறான்?"

எண்ணை அவரிடமும் நீட்டினேன். "நீயே வெச்சுக்க. நான் எங்கயாவது தொலைச்சிருவேன்" என்றார்.

செப்டம்பர் 11, புதன்

காலையில் லினக்ஸில் ஏதோ அப்டேட் வந்தது, போட்டேன். அது துவக்கப் பகுதியில் எதையோ மாற்றியிருக்கிறது. மாலையில் இவர் உட்கார்ந்ததும் நீலத் திரை வந்து அந்த நீண்ட எண்ணைக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு வரவேற்பு அட்டை. அப்போதே அனுப்பினால்தான் அச்சுக்குப் போகும்.

"அம்சா, என்னமோ நம்பர் கேக்குது பாரு."

தாளை எடுத்து வந்து பக்கத்தில் நின்று படித்தேன். எண்கள் கட்டம் கட்டமாக இருந்தன. ஒரு கட்டம் சொல்வேன், அவர் தட்டுவார். பாதி வந்ததும் நிறுத்தினேன். நிறுத்த வேண்டும் என்று நான் நினைத்து வரவில்லை.

"செல்லப்பா அண்ணன்கிட்ட சொன்னது நீங்களா?"

செல்லப்பா இவருடைய நெடுநாள் நண்பர். யாழினிக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளைக்குத் தாய்மாமா.

"மொதல்ல நம்பரச் சொல்லு."

"சொல்றேன். நீங்களா?"

விரல்களைக் கீபோர்டிலிருந்து எடுக்காமலே பேசினார். "நான் தேடிப் போகல அம்சா. பத்திரிகை ஃபைல எங்க வெச்சேன்னு தெரியல. பொண்ணு பேரப் போட்டுத் தேடுனேன். ரெண்டு வந்துச்சு. ஒன்னு என்னுது, ஒன்னு உன்னுது. தொறந்துட்டேன்."

"தொறந்ததும் மூடியிருக்கலாமே."

"மூடல."

"எவ்வளவு படிச்சீங்க?"

"முழுசும்."

நான் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"செல்லப்பா என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன். அவன் தங்கச்சி பையன். நாளைக்கு அந்தப் பொண்ணு மறுபடி எதையாவது பண்ணிக்கிட்டா, தெரிஞ்சும் சொல்லாம இருந்தியேன்னு கேப்பானா மாட்டானா? கெட்டது நெனச்சுச் சொல்லல."

"அவளே சொல்லப் போறான்னு கடைசிப் பக்கத்துல எழுதியிருந்தேனே."

"படிச்சேன்."

"அப்புறம்?"

"சொல்ல மாட்டான்னு நெனச்சேன்."

மீதி எண்ணைப் படித்தேன். அவர் தட்டினார். திறந்தது. அட்டையை அனுப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

நான் அவரை மிரட்டவில்லை. பதில் சொல்லாவிட்டாலும் மீதியைப் படித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 12, வியாழன்

பருப்பு அடிப்பிடித்தது. அதையே சாப்பிட்டார்.

செப்டம்பர் 13, வெள்ளி

பெனாசிருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "அன்னைக்கே தோணுச்சு டீ. ஆனா நான் எப்படிச் சொல்றது?" என்றாள். எனக்கும் அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். நிச்சயம் நின்றுபோனது என்று அவள் அம்மா சொன்ன அன்றுதான் பெனாசிரைக் கூப்பிட்டேன். மதுரைத் திருட்டு அதற்கும் பல நாள் முந்திய செய்தி.

அவர் படித்தார், சொன்னார். அது அவர் தப்பு. ஆனால் ஒருத்தியின் பெயரையே கோப்புக்கு வைத்து, இரண்டு பேர் புழங்கும் இடத்தில் போட்டது நான். அவள் நம்பி வந்தது என்னைத்தான், அவரை இல்லை.

பெனாசிர் இன்னொன்றும் கேட்டாள். "நாளைக்கு உனக்கு ஏதாவது ஆயிட்டா யார் தொறப்பா? இதுல இன்னொரு கடவுச்சொல்லும் சேத்துக்கலாம். நம்பிக்கையான ஆள்கிட்ட குடுத்து வை." வழக்கமாக இப்படியொரு கேள்விக்கு யோசிக்கவே வேண்டியிருந்திருக்காது.

செப்டம்பர் 14, சனி

இரண்டாவது கடவுச்சொல் ஒன்றைச் சேர்த்து, உறையில் போட்டு ஒட்டி, டாக்டர் லூர்துமேரியிடம் கொடுத்தேன். மனநல மருத்துவர்; மருந்து தேவைப்படுகிறவர்களை நான் அவரிடம்தான் அனுப்புவேன். மேசையில் பூட்டி வைத்துவிட்டு, "வீட்டுல சாரும் இருக்காருல்ல, என்கிட்ட ஏன்?" என்று சாதாரணமாகக் கேட்டார். காபி ஆறுகிறது என்றேன்.

இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம் சொன்னேன், உறை டாக்டரிடம் இருக்கிறது என்று. தலையை ஆட்டினார். தோசையைப் பிய்த்தபடி, "என்கிட்ட குடுத்திருந்தா தொறந்திருக்க மாட்டேன்" என்றார். அதை நம்ப எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

யாழினிக்குச் செய்தி அனுப்பியிருந்தேன், ஒருமுறை மட்டும் நேரில் வர முடியுமா என்று. இன்று வந்தாள். உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டாள்.

"யாரு சொன்னதுன்னு தெரிஞ்சுபோச்சா மேம்?"

"என் வீட்டுலேர்ந்துதான் போச்சு. உன் ஃபைல என் கணவர் படிச்சிருக்கார். அவர்தான் மாப்பிள்ளையோட மாமாகிட்ட சொன்னது. அவர் கைக்கு எட்டுற மாதிரி வெச்சது நான்."

அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

"சாம்பிள் காட்டுனாரே, அவரா?"

"ஆமா."

"எங்கம்மாவுக்கு வெயிலா இருக்குன்னு ஜூஸ் வாங்கிக் குடுத்தாரு." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் எங்கம்மாவத்தான் சந்தேகப்பட்டேன். பத்து நாளா அவங்களோட பேசல."

மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல் அறையில் அப்படியே நின்றது.

"என்ன எழுதியிருந்தீங்க? நான் பாக்கணும்."

கடவுச்சொல்லை அடித்துத் திறந்து, லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். அவள் படிப்பதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். ஓரிடத்தில் நிறுத்தி, விரலால் திரையைத் தொட்டாள்.

"'இன்று அவளாகவே சிரித்தாள். தன் தம்பி சைக்கிளோடு சாக்கடையில் விழுந்ததைச் சொல்லும்போது.' இதையும் அவர் படிச்சாரா?"

"முழுசும் படிச்சேன்னார்."

"இத மட்டும் அவர் மாப்பிள்ளை வீட்டுல சொல்லலையே மேம்."

கடைசிவரை படித்தாள். எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னாள். லேப்டாப்பில் அழித்தேன். வெளி ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்து மாட்டி அழித்தேன். வேறெங்காவது இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவர் தலையில் இருக்கிறது, செல்லப்பா தலையில் இருக்கிறது. அதைச் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியும்.

போகும்போது வாசலில் திரும்பி, "இதுக்குப் புகார் குடுக்கணும்னா யார்கிட்ட குடுக்கணும்?" என்றாள். சங்கத்தின் முகவரியை எழுதிக் கொடுத்தேன். என் பெயரை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்றும் எழுதினேன்.

செப்டம்பர் 18, புதன்

சங்கத்துக்கு நானே முந்திக்கொண்டு ஒரு கடிதம் அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பினால் என் கடிதம் முதலில் போய் நிற்கும். அவள் வார்த்தை இரண்டாவதாகிவிடும். அனுப்பவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

இவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை, தானாக எடுத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணப் பாத்து ஒரு வார்த்த சொல்லட்டுமா? நான் பண்ணது தப்புன்னு."

"வேண்டாம்."

"நான் சும்மா..."

"நீங்க சொன்னா உங்களுக்கு மனசு லேசாகும். அவ எதுக்கு அதக் கேக்கணும்?"

பீன்ஸை நறுக்கி முடித்தார். ரொம்பப் பொடியாக நறுக்கிவிட்டார்.

"செல்லப்பாகிட்ட போயிட்டு வந்தேன் நேத்து. கள்ளத்தனமாப் படிச்சுச் சொன்னதுன்னு சொல்லிட்டேன். யார்கிட்டயும் பேசாதடான்னேன். பையனோட அம்மாகிட்ட ஏற்கெனவே சொல்லிட்டானாம்." கொஞ்சம் கழித்து, "விண்டோஸ அழிச்சிரு. கடையிலயே வேலைய முடிச்சிட்டு வர்றேன்" என்றார்.

அழிக்க வேண்டியதில்லை, இப்போது அந்தப் பக்கத்திலிருந்து என்னுடையது எதுவும் தெரியாது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். இனி அதில் உட்காரப்போவதில்லை என்பதும் தெரிந்தது. வெட்கமா, கோபமா? கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் முகத்தைப் படிக்க எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

விண்டோஸை அழிக்கவில்லை. திறக்கவும் இல்லை. இவர் கடையிலிருந்து நேரங்கழித்து வருகிறார். அடுப்பில் வைத்துச் சூடு பண்ணிக் கொடுக்கிறேன்.

அக்டோபர் 5, சனி

யாழினி வந்தாள். சொல்லாமல் வந்தாள். எனக்கு அடுத்து ஆள் இல்லாத நேரம்.

"புகார் அனுப்பிட்டேன் மேம். நேத்து."

"சரிம்மா."

"கோவமா?"

"இல்ல. விசாரணை முடியிற வரைக்கும் நீ வேற யார்கிட்டயாவது போறதுதான் முறை. நல்லவங்களாப் பாத்துச் சொல்றேன்."

"போறேன். இன்னைக்கு மட்டும் உங்ககிட்ட ஒன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

போன ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளையாக வரவிருந்தவனை அவளே போன் செய்து வரச் சொல்லியிருக்கிறாள். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டல். "உங்க மாமா சொன்னத ஓரமா வெச்சிட்டு நான் சொல்றதக் கேளுங்க" என்று தொடங்கியிருக்கிறாள். அது நாங்கள் ஒத்திகை பார்த்த தொடக்கம் இல்லை. அவளாகக் கண்டுபிடித்தது. அவன் எழுந்து போகவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, வீட்டில் பேசிப் பார்க்கிறேன் என்றானாம்.

"நான் வேண்டாம்னுட்டேன் மேம். கட்டிக்கணும்னு சொல்லல. சொல்லணும்னுதான் சொன்னேன்."

பழக்கத்தில் என் கை லேப்டாப்பைத் திறக்கப் போயிருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"இப்ப நான் சொல்லப்போறத எழுதிக்காதீங்க."

லேப்டாப்பை மூடி ஜன்னலோரம் தள்ளி வைத்தேன். பேனாவையும் அதன் மேல் வைத்தேன். அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசத் தொடங்கினாள். கீழே மருந்துக் கடையின் ஷட்டரை இறக்குகிற சத்தம் கேட்கும்வரை பேசினாள்.

அவள் சொன்னது இந்த நோட்டிலும் இல்லை.